மூன்று பலகைகளை விட்டுப் போட்ட டைல்ஸ்

மரத்தரையில் டைல்ஸ் போடலாமா என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். போடலாம். ஆனால் பலகை ஆடக்கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பலகை மேலேயே பசை பூசி ஒட்டினேன். மூன்றே மாதத்தில் எல்லாம் வெடித்துவிட்டது. ஆள் நடந்தால் பலகை வளையும், டைல்ஸ் வளையாது. அதனால் முதலில் ஒவ்வொரு பலகையையும் உத்திரத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். மேலே சிமெண்ட் போர்டு. அதற்குப் பிறகுதான் டைல்ஸ்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வரிசை வீடு. மாடியறைக்கு டைல்ஸ் கேட்டவர் ராமன் அண்ணன், பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சரோஜா அக்காவுக்குச் சர்க்கரை வியாதியால் பார்வை போய் நான்கு வருடம்.

"பலகைச் சிராய் இவ கால்ல குத்திப் புண்ணாயிருச்சு தம்பி. வெரல எடுக்கணும்னு சொன்னாங்க, எப்படியோ தப்பிச்சிச்சு. வழுக்காத டைல்ஸா போட்டுக் குடுங்க லா" என்றார்.

மறுநாள் மதியம் அண்ணன் சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தார். சுவரோரம், அவர் படுக்கும் பக்கத்தில் பலகைகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா, "தம்பி, அத ஒரு தடவ மிதிங்க" என்றார். மிதித்தேன். சத்தமே இல்லை.

"இனிமே கல்லு மாதிரி நிக்கும்க்கா" என்றேன் பெருமையாக.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். ட்ரில்லைக் கீழே வைத்தேன்.

"அவருக்கு ரெண்டு தடவ நெஞ்சு வலி வந்திருக்கு தம்பி. ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா அந்தப் பலக கத்தும். திரும்பி வந்தா மறுபடி கத்தும். அந்த ரெண்டாவது சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

"அண்ணன்கிட்ட சொல்லலாமேக்கா?"

"எனக்காகத்தான் இவ்வளவும் செய்றாரு. எப்படிச் சொல்றது?"

அண்ணன் படியேறி வந்தது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றிருந்தார். வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒன்ன எழுப்பக் கூடாதுன்னு இத்தன வருஷமா பூன மாதிரி நடந்தேன் சரோ."

"பூனையா? யானை வர்ற மாதிரி கேக்கும்" என்று அழுகையோடு சிரித்தார் அக்கா.

"டைல்ஸ் வேணாம் தம்பி. எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவின் கால் என்னாவது?

"அக்கா, நீங்க அந்தச் சுவர் பக்கம் போவீங்களா?"

"போக மாட்டேன். அது அவரு பக்கம்."

அங்கே மட்டும் மூன்று பலகைகளை விட்டுவிடுவதாகச் சொன்னேன். ஸ்க்ரூவை எடுத்துவிட்டு அண்ணனை மிதிக்கச் சொன்னேன்.

அக்கா மறுத்துத் தலையசைத்தார். "இல்ல. இது வேற சத்தம்."

ஒரு பழைய ஆணியையும் தளர்த்தினேன். அண்ணன் மறுபடி மிதித்தார். க்ரீச்.

"ம், இதுதான்!"

அந்த மூன்றையும் சிராய் இல்லாமல் இழைத்து வார்னிஷ் அடித்தேன். ஓரத்தில் காலைத் தட்டாதபடி சரிவான பட்டை வைத்தேன். மற்ற இடம் முழுக்க டைல்ஸ். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு டைல்ஸ்கூட வெடிக்கவில்லை, அக்காவின் காலிலும் புண் இல்லை.

பலகை ஆடக்கூடாது என்பது தொழில் சொல்லிக்கொடுத்தது. வேலை கொடுப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு ட்ரில்லை எடுக்கக் கூடாது என்பதை அந்த வீட்டில்தான் கற்றேன். அந்த அறையில் யார் யார் இருக்கிறார்களோ, அத்தனை பேரிடமும் கேளுங்கள். தனித்தனியாகக் கேளுங்கள்.