முந்திக்கொண்டு வாங்கிய குளோப்

அவளை மறுபடி நடக்க வைத்தவள் நான். அதனால் நான் செய்தது ஒன்றும் பெரிய தப்பில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மும்பையில், சயானில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்கில் நான் உதவியாளர். வீடு தாராவியில். அவள் மாட்டுங்காவைச் சேர்ந்தவள், பாலக்காட்டுக் குடும்பம், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மழைநாளில் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டைப் பிரித்த கையோடு எங்களிடம் வந்தாள். என் வயதுதான். முதல் வாரம் தரையில் கால் வைக்கவே பயந்து அழுதாள். "ஒண்ணும் ஆகாது, பாரத்தை எம்மேல போடுங்க" என்று தோளைக் கொடுத்து நடக்க வைத்தேன். இரண்டு மாதத்தில் வா, போ என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

செம்பூரில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு சர்க்கஸ் வித்தை கற்றுத்தரும் வகுப்பைக் கண்டுபிடித்ததும் நான்தான். பந்துகளை வீசிப் பிடிப்பது, தட்டு சுழற்றுவது, குளோப் மேல் நடப்பது. குளோப் என்பது ஃபைபரில் செய்த கெட்டியான பெரிய உருண்டை. என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வரும். அதன் மேல் ஏறி நின்று, குட்டிக் குட்டி அடியாக வைத்து அதை உருட்டிக்கொண்டே போகவேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து எந்த விளையாட்டிலும் யாரும் சேர்த்துக்கொள்ளாத எனக்கு அந்த உருண்டையைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. மூன்று ஞாயிறு தனியாகப் போனேன். நான்காவது ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன், கணுக்காலுக்கு நல்லது என்று.

அவள் ஒரே மாதத்தில் கையை விட்டுவிட்டு நின்றாள்.

எனக்கு இன்னும் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கவேண்டியிருந்தது. மாஸ்டர் ஒரு மராத்திப் பெண்மணி. என்னைப் பார்த்து "நீச்சே மத் தேக்கோ" என்பார். கீழே பார்க்காதே என்று அர்த்தம். அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் என்னைக் குத்தியது. என் தோளைப் பிடித்து நடந்த காலாச்சே என்று, கைதட்டுகிறவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டே நினைப்பேன். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான். பேருந்தில் அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் கூட, அதுவும் அவளுக்குத்தான் கிடைக்கிறது என்று தோன்றும்.

வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரே குளோப். சொந்தமாக ஒன்று இருந்தால் தினமும் பழகி அவளைத் தாண்டிவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன். கடைகளில் கேட்டால் உடற்பயிற்சிக்கு வைக்கும் ரப்பர் பந்தைக் காட்டினார்கள். ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். அதுவும் காற்றடிக்கிற பந்துதான். வெளிநாட்டிலிருந்து வரும் அசல் குளோப்பின் விலையைப் பார்த்துவிட்டு போனை மூடி வைத்தேன். அவளும் ஒன்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"உனக்கு எங்கயாவது கிடைச்சா சொல்லுடி. ரெண்டு பேருமா வாங்கிண்டு பங்கு போட்டுக்கலாம்."

"சொல்லுதேன்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில் சான்பாடாவிலிருந்து விளம்பரம் வந்திருந்தது. அசல் குளோப். அவளுக்குச் சொல்லாமல் ரயிலேறினேன். கதவைத் திறந்தது ஒரு தமிழ் மாமி. மகள் வித்தை பழகிவிட்டு மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாளாம். குளோப் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நீல நிறம், இரண்டு மூன்று கீறல். கையை வைத்துப் பார்த்தேன், சொரசொரவென்று காலுக்குப் பிடிமானமாக இருந்தது.

"உங்களுக்குக் கொடுக்கலாமான்னு தெரியலையே" என்றார் மாமி. "நேத்து ராத்திரி ஒரு பொண்ணு போன் பண்ணினா. மாட்டுங்காவாம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பாக்கறேன்னா."

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பங்கு போடலாம் என்று சொன்னவளும் எனக்குச் சொல்லாமல்தானே போன் பண்ணியிருக்கிறாள் என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

"வந்து பாக்குதேன்னுதானே சொன்னாங்க. நான் இப்பவே எடுத்துட்டுப் போயிருதேன், மாமி." வீடு எங்கே, என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டே மாமி பணத்தை வாங்கிக்கொண்டார்.

ரயிலில் சாமான் ஏற்றும் லக்கேஜ் டப்பாவில் மீன் கூடைகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் வாஷி பாலத்தின் மேல் ஆடும்போது என்னையும் சேர்த்து உருட்டப் பார்த்தது. ஒருவர், "துனியா லேகே கிதர் சலி?" என்று கேட்டார். உலகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று மொத்த டப்பாவும் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் அவள் ஏமாந்து நிற்கப்போகிறாள் என்பதும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தது.

வீட்டு வாசலில் அந்தச் சந்தோஷமெல்லாம் இறங்கிவிட்டது. கீழே தம்பியின் தோல் பை பட்டறை. மேலே அம்மாவும் நானும் இருக்கும் அறை. நடுவில் இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. குளோப் அதில் பாதிகூட நுழையவில்லை. அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதென்னது? அளவு பாக்காமலா வாங்கிட்டு வந்த?"

பார்க்கவில்லை. எனக்குக் கிடைக்கவேண்டும், அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பதைத் தவிர நான் எதையுமே பார்க்கவில்லை. பட்டறை மூலையில் தோல் கட்டுகளுக்கு நடுவே அதைத் திணித்தோம். ஏறி நிற்க அங்கே இடமில்லை. சந்தில் உருட்டிப் பார்த்தால் நேராகச் சாக்கடைக்கு ஓடியது.

மறுநாள் வகுப்பில் அவள் சொன்னாள்: "ஒண்ணு கிடைச்சா மாதிரி இருந்ததுடி. கையில வந்தப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். யாரோ முந்திண்டுட்டா."

"அப்படியா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் தம்பி, "எக்கா, புதுச் சரக்கு வருது. இதை எங்கயாச்சும் கொண்டு போ, இல்லன்னா பங்கார்வாலாட்ட போட்டுருவேன்" என்றான். பழைய இரும்புக்காரனிடம் போகப்போகிறது என்றதும் அழுகை வந்துவிட்டது. அவளுக்கு போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"சான்பாடா குளோப்பை வாங்கினது நாந்தான்."

"தெரியும்" என்றாள். "அந்த மாமி அன்னிக்கே சொன்னா. தாராவி, பிசியோதெரபியில வேலைன்னு."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்துண்டிருந்தேன்." அவள் குரல் உயர்ந்தது. "கஷ்டமா இருந்ததுடி எனக்கு. நீ கேட்டிருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேன்."

விட்டுக்கொடுத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெட்கத்தோடு சேர்ந்து அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவளிடம் விட்டுக்கொடுக்க எப்போதும் ஏதாவது இருந்தது.

"எங்க பில்டிங் மொட்டைமாடில வெச்சுக்கலாம்" என்றாள் கடைசியில். "செக்ரட்டரிகிட்ட கேக்கறேன். ஆனா முதல்ல நான்தான் ஏறுவேன்."

அவள்தான் ஏறினாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணி காயப்போடும் கொடிக்கம்பி வரைக்கும், ஒரு தடவைகூட இறங்காமல். நான் பக்கத்திலேயே நடந்தேன், விழுந்தால் பிடிக்க. விழவேண்டும் என்று ஒரு கணம் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். விழவில்லை.

இப்போது மாடிச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. கிளினிக் முடிந்து, அவள் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் போய்ப் பழகுகிறேன். முன்னால் போகவேண்டுமென்றால் உருண்டை மேல் பின்னால் அடி வைக்கவேண்டும் என்பது காலுக்குப் புரியவே எனக்கு நான்கு மாதமானது. போன புதன்கிழமை தொட்டியிலிருந்து கொடிக்கம்பி வரை போய்விட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மாடியில் யாருமில்லை. உடனே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

"வீடியோ எங்க?" என்று பதில் வந்தது.

எடுக்கவில்லை. வியாழக்கிழமை அவள் எதிரில் மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் பாதியில் குதித்தேன். "போய்த்தான் இருப்ப, எனக்குத் தெரியாதா" என்றாள். சொன்ன விதத்திலேயே தெரிந்தது, அவள் நம்பவில்லை.