லோகு தூக்கித் திரிந்த நீல பைல்

செய்தி வந்தபோது நான் ஓலைத்தொடுவாயில் நண்டு வாங்கிப் பெட்டியில் அடைக்கிற எங்கள் வாடியில் நின்றேன். லொறியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. தொலைபேசியில் லோகநாதனுடைய மைத்துனரின் பெயர் தெரிந்தது. அவர் வாய் திறக்க முதலே நான் சத்தம் போட்டேன்: "உங்கட மச்சானிட்டச் சொல்லுங்கோ, லொறி வெளிக்கிடப் போகுது, கடுதாசி இன்னும் வந்து சேரேல்லை எண்டு." பிறகு அவர் சொன்னார்: "மச்சான் காலமை செத்துப்போனார், அண்ணை. நெஞ்சு வலி எண்டவர். ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் போய்ச் சேரேல்லை."

அவன் செத்த பிறகு அவனைப் பற்றி என் வாயில் வந்த முதல் வார்த்தை ஒரு குறை. அதை மறைத்துவிட்டு இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுத எனக்கு மனமில்லை. எழுதச் சொல்லிக் கேட்ட அவன் மனைவி சுகந்தியும் அப்படி எதிர்பார்க்கவில்லை. "நல்லதை மட்டும் எழுதுங்கோ எண்டு நான் கேக்கேல்லை. உள்ளதை எழுதுங்கோ, அண்ணை" என்றார். 'அவர்' என்று எழுதினால் லோகு சிரிப்பான். ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். நறுவிலிக்குளத்து ஆட்களுக்குக் காணிக்கும் பிறப்புப் பதிவுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன். கரையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு, என் கம்பனியின் ஏற்றுமதிக் கடுதாசிகளைப் பார்த்தவன். எங்கே கண்டாலும் கக்கத்தில் ஒரு நீல பைல் இருக்கும். முப்பத்தொன்பது வயது. இதயக் குழாயில் அடைப்பு. நேரத்துக்குக் காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். ஒரு பஸ் டிக்கெட்டையும் தவறவிடாத மனிதன் இதை எப்படித் தவறவிட்டான்? ஒரு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன், அதோடுதான் படுக்கிறேன். விடையைத் தேடினால் அது கோலாலம்பூரில் போய் நிற்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஏஜென்ட் மூலம், ஒரே விமானத்தில் அங்கே படிக்கப் போனோம். அதற்கு முன் எனக்கு அவனைத் தெரியாது. நான் மன்னார்த் தீவில் ஒரு மீன்பிடிக்காரர் மகன். அவன் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, மன்னார்ப் பெருநிலத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகன். விமான நிலையத்தில் கல்லூரி அனுப்பிய ஒரு மலேசியத் தமிழர் எங்களுக்காகக் காத்திருந்தார். வந்திறங்கிய பன்னிரண்டு பேரில் பதினொரு பேரின் கடவுச்சீட்டையும் வாங்கி ஒரு சொப்பிங் பையில் போட்டார். விசா ஒட்ட வேண்டுமாம். லோகு மட்டும் கொடுக்கவில்லை.

"ரசீது தாங்கோ" என்றான்.

"ரசீதா? அதெல்லாம் கிடையாது தம்பி. வேன் காத்துக்கிட்டு இருக்கு."

"அப்ப பாஸ்போட்டும் கிடையாது."

இரண்டு மணித்தியாலம் நின்றோம். எனக்குப் பசி, எரிச்சல். "டேய், உன்ர விசரை நாளைக்கு வச்சுக்கொள். சாப்பாட்டைக் காட்டட்டும்" என்று ஏசினேன். அவன் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் அந்த மனிதர் பெயர்ப்பட்டியலின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். லோகு வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான். "திகதியும் போடுங்கோ." வேனில் ஏறியதும் என்னிடம் சொன்னான்: "கடுதாசி தராத ஆளிட்ட நான் கடுதாசி குடுக்க மாட்டன்." அதற்குப் பிறகு இந்த வசனத்தை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏஜென்ட் காட்டிய புத்தகத்தில் கல்லூரிக்கு ஒரு குளம் இருந்தது, கரையெல்லாம் மரங்கள் இருந்தன. நேரில் போய்ப் பார்த்தால் கீழே கட்டில் மெத்தை விற்கிற கடை, அதற்கு மேல் மூன்று மாடியில் கல்லூரி. "குளம் எங்கயடா?" என்று லோகுவைக் கேட்டேன். "மழை பெய்யட்டும். கார் விடுற இடத்தில வரும்" என்றான். அந்தப் புத்தகத்தையும் கவனமாக பைலில் வைத்தான். ஒரு அடுக்குமாடி வீட்டில் நாங்கள் எட்டுப் பேர், ஒரே குளியலறை. வகுப்பு வரவு குறைந்தால் விசா போகும், வேலைக்குப் போய்ப் பிடிபட்டாலும் விசா போகும். ஊரில் எல்லாரும் எங்களை வெளிநாட்டு மாப்பிள்ளைகள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவன் அம்மா தொலைபேசியில் வருவார். முதல் கேள்வி, "பேப்பரெல்லாம் பத்திரமா இருக்காய்யா?" இரண்டாவதுதான், "சாப்பிட்டியா?" எனக்கு அது பகிடி. எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மாவுக்கு அது பகிடியாக இருக்கவில்லை. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழ் அம்மா. லோகு தாயோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று விசாரித்தார். லோகு சொன்னான், தாத்தாவுக்குக் குடியுரிமை இருக்கவில்லை. எழுதிப் போட்டு எழுதிப் போட்டு ஒரு குடியுரிமைத் துண்டு வந்தது, கலவரத்தில் அது வீட்டோடு எரிந்தது. அதற்குப் பிறகு தாங்கள் இலங்கை ஆட்கள் என்று காட்ட அப்பாவுக்குப் பாதி ஆயுள் போனது. அந்த அம்மா சொன்னார், "எங்க அம்மா சாகிற வரைக்கும் சிவப்பு ஐசிதான் தம்பி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற அட்டை. பிறந்த நாட்டுலேயே வெளியாள்." பிறகு இருவரும் வெகு நேரம் தேநீர் குடித்தார்கள். எனக்கு அந்தப் பேச்சில் இடம் இருக்கவில்லை.

நான்கு மாதமாகியும் கடவுச்சீட்டுகள் திரும்பி வரவில்லை. வெளியே போனால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். அது கல்லூரியில் இருக்கிறது. கல்லூரியைக் கேட்டால் குடிவரவுக் கந்தோரில் என்கிறது. லோகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கல்லூரிக் கவுண்டருக்குப் போவான். அங்கே இருந்த பெண், "இன்னும் வரலை லா. அடுத்த வாரம் வாங்க" என்பார். "எழுதித் தாங்கோ" என்பான் இவன். அவர் ஒரு துண்டில் 'அடுத்த வாரம்' என்று எழுதி, திகதி போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார். அப்படி பதினாறு துண்டு சேர்ந்தது. "இதை வச்சுச் சோறு கட்டப் போறியோ?" என்று கேட்பேன். நான் ஒருநாளும் கவுண்டர்ப் பக்கம் போனதில்லை. அந்த நேரத்தில் ஒரு கடலுணவுக் கடையின் பின்பக்கம் களவாக நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் 'இலங்கை நண்டு' என்று பலகை போட்டிருந்தார்கள். கால் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததும் எங்கள் கரைக் கட்டு என்று தெரிந்துவிட்டது. என் வியாபாரம் தொடங்கியது அந்தத் தொட்டியடியில்தான்.

ஒரு ஞாயிறு பகல், ரயில் நிலைய வாசலில் பொலிஸ் எங்களை மறித்துக் கடவுச்சீட்டைக் கேட்டது. லோகு பைலைத் திறந்தபடி, "கடிதம் கிடக்கு. பயப்படாத" என்றான். அவனுடைய துண்டுகளைப் பார்த்து அவனை விட்டார்கள். என்னிடம் காட்ட ஒரு துண்டும் இல்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் கல்லூரி திறக்கும்போதே லோகு போய், பதினாறு துண்டையும் கவுண்டர் மேசையில் வரிசையாக அடுக்கினானாம். தங்கள் முத்திரையையும் திகதிகளையும் கண்டு உள்ளே இருந்த மனேஜர் எழுந்து ஓடி வந்தாராம். பகலுக்கிடையில் என் கடவுச்சீட்டோடு ஆள் அனுப்பி என்னை வெளியே எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, விசா ஒட்டி முடிந்து மூன்று கிழமையாக அது கல்லூரி மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நான் கவுண்டரில் போட்ட சத்தத்துக்கு மெத்தைக் கடைக்காரரும் மேலே வந்தார். "மூண்டு கிழமையாக் கிடந்ததை ஒருத்தரும் எடுத்துப் பாக்கேல்லையோ?" லோகு என் கையைப் பிடித்து இழுத்தான். "கிடைச்சிட்டுதுதானே. வா."

அவனோடு எனக்குச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். கடுதாசி கைக்கு வந்தால் அவனுக்குப் போதும். அதோடு அவன் முகம் தெளிந்துவிடும்.

நான் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நண்டு வாங்கத் தொடங்கினேன். அவன் அதே மூன்று மாடியில் ஏறி இறங்கிப் பட்டத்தை முடித்தான். அதையும் கண்ணாடி உறையில் போட்டுக்கொண்டு வந்தான். உயிர் நண்டு கடுதாசிக்காகக் காத்திருக்காது. ஆகவே அவனைத் தேடிப் போய் என்னோடு சேர்த்தேன். பத்து வருடம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் லொறி போகும் முன் நான் கேட்பேன், "எல்லாம் சரியோ?" அவன் சொல்வான், "கடிதம் கிடக்கு." நான் திறந்து பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் வந்ததில்லை. கடுதாசி சரியில்லை என்று ஒரு பெட்டி நண்டுகூட எனக்குத் திரும்பி வந்ததில்லை.

சாவதற்கு இரண்டு மாதம் முன் வாடிப் படியில் ஏறும்போது நடுவில் நின்றான். கை நெஞ்சில் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனனியோ?"

"போனனான். கொழும்பில காட்டச் சொல்லி எழுதித் தந்திருக்கினம்."

"எப்ப போறாய்?"

"கடிதம் கிடக்கு. போகலாம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனம் அமர்ந்துவிட்டது. பத்து வருடப் பழக்கம். நான் லொறியைப் பார்க்கப் போய்விட்டேன்.

போன கிழமை சுகந்தி பைலைத் திறந்து காட்டினார். 'வைத்தியம்' என்று ஒட்டியிருந்த பகுதியில் அந்தக் கடிதம் இருந்தது. ஒரு மடிப்பும் இல்லை. பின்னால் இரண்டு போட்டோகொப்பி. ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் அவனுடைய எழுத்து. கொழும்பில் வரச் சொன்ன திகதி. பக்கத்தில், 'வியாழன், லொறி. அடுத்த வாரம்.' கீழே இன்னொரு திகதி, 'அடுத்த வாரம்.' அப்படி ஐந்து வரி. கவுண்டர்ப் பெண்ணிடம் வாரம் தவறாமல் எழுதி வாங்கியதைக் கடைசியில் தனக்குத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறான். முத்திரை ஒன்றுதான் இல்லை.

எனக்கு அவனில் கோபம், இன்னும் ஆறவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு கடுதாசிக்கு அலைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, கடுதாசி கையில் இருந்தால் ஆபத்து விலகிவிட்டது என்று தோன்றும். அது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் கோபம் குறையவில்லை. நண்டுக்குக் கடுதாசி எடுத்தால் மட்டும் போதாது, நண்டு லொறியில் ஏற வேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை லொறி என்னுடையது. இரண்டு மாதமாக அந்தக் கடிதம் கிடந்தது. எடுத்துப் பார்க்காத ஆட்களில் நான்தான் முதல் ஆள். இந்த முறை எந்தக் கவுண்டரில் போய்ச் சத்தம் போடுவது?

உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் லோகு எடுத்துத் தந்த கடிதங்கள் கிடக்கும். வெளியே எடுத்துத் திகதியைப் பாருங்கள். போக வேண்டிய இடத்துக்குப் போங்கள். அவனுக்காக வேறொன்றும் செய்ய வேண்டாம்.

பென்சில் எழுத்து இருக்கிற அந்தக் கொப்பியைத் தரச் சொல்லி சுகந்தியிடம் கேட்டேன். அது இப்போது வாடியில், லொறி ஏற்றுகிற வாசலுக்கு நேரே சுவரில் இருக்கிறது. அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். அன்று உறையிலிருந்து அதை எடுத்து நீட்டிய சுகந்தி, நான் கை வைத்த பிறகும் பிடியை விடவில்லை.

"ரசீது எழுதித் தாங்கோ, அண்ணை. அவர் இருந்தா கேட்டிருப்பார்."

எழுதினேன். கையெழுத்து வைத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"திகதி போடேல்லை."