குணா போட்ட முடிச்சு

போன வெள்ளிக்கிழமை புஷ்பாவின் தபால் அட்டை வந்தது. "நம்ம முடிச்சு குணா போயிட்டாடி. செவ்வாய்க்கிழமை காலையில. காபி கொண்டாரேன்னு தங்கச்சி உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. நம்ம பள்ளிக்கூட மலருக்கு அவளைப் பத்தி நீதான் எழுதணும். உனக்குத்தான் அவ ரொம்ப சிநேகம்." அவ்வளவுதான். அட்டையைப் பலமுறை படித்தேன். செய்தியைவிட அந்தப் பட்டப்பெயரில்தான் என் கண் ஒவ்வொரு முறையும் தடுக்கி நின்றது.

எங்கள் ஆறாவது பாரத்தில் பதினேழு பெண்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடம் ஆகியும் கடைகளில் காகிதம் கிடைக்காத காலம். ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி, அதன்மேலேயே மையால் இன்னொரு பாடம் எழுதுவோம். குணசுந்தரியின் நோட்டை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சாம்பல் கைரேகை இருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டில் இரண்டு தறி. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதன் நுனியோடு பிணைக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் இழை நுழைகிற அச்சில் சிக்கும். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி விடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். விடிந்ததிலிருந்து அந்த வேலையைப் பார்த்துவிட்டு அப்படியே ஓடி வருவாள். கணக்கு டீச்சர் ஒருநாள் அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இது இன்னா, அடுப்புல கிடந்து எடுத்ததா?" என்று கேட்டார். குணா எழுந்து நின்று, "இல்ல டீச்சர், அடுப்புதான் என் கையில இருக்குது" என்றாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கணக்குப் பரீட்சை நாளை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். எனக்குப் பக்கத்து இருக்கை குணாவுடையது. முடிகிற மணி அடித்தது. விடைத்தாள்களின் துளையில் எனக்கு நூல் கோக்க வரவில்லை. மேற்பார்வைக்கு வந்த டீச்சரிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டுவிட்டு, குணா என் தாள்களை வாங்கிக் கட்டிக் கொடுத்தாள். அதை எல்லோரும் பார்த்தீர்கள்.

பேப்பரில் முடிவு வந்தபோது என் நம்பர் இல்லை. அப்பா அரிசி மண்டியிலிருந்து சாப்பிட வந்தவர், கை கழுவிக்கொண்டே சொன்னார்: "போதும்மா படிச்சது. தாமல்ல நல்ல எடம், கேட்டுக்கினே இருக்கறாங்க. ஆவணியில முடிச்சிடலாம்." எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் குணா வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தப்பு எம்மேல. சாரதா பேப்பரை நாந்தான் கட்டினேன். பாவு பிணைக்கிற கை. முடிச்சு போடாம பழக்கத்துல முறுக்கி உட்டுட்டேன். பின்னாடி இருந்த தாளெல்லாம் அவுந்து எங்கயோ உயுந்திருக்கும்."

அப்பா அவள் விரல்களைப் பார்த்தார். வேறு ஊராக இருந்தால் இப்படி ஒரு காரணத்தை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த முறுக்கைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

"அடப் பாவிப் பொண்ணே! பரீட்சைக் காயிதம் இன்னா தறியாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, செப்டம்பர்ல ஒரு தடவை எழுது. இந்தத் தடவை நீயே கட்டு."

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு குணா ஒரு கட்டு வெள்ளைத் தாள் கொண்டுவந்தாள். பட்டுப்புடவை மடிப்புகளுக்கு நடுவே வைக்கிற தாள். கடையில் கெஞ்சி வாங்கியிருக்கிறாள். "கணக்கு போட்டுப் பாரு. ஒண்ணையும் வெள்ளையா வெக்காத" என்றாள். செப்டம்பரில் தேறினேன், சென்னைக்குப் போய்ப் படித்தேன், இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவள் திருப்புட்குழியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆனாள். "முடிச்சு குணா" என்ற பெயர் அதற்குள் நிலைத்துவிட்டது. நாம் கூடும்போதெல்லாம் புஷ்பா தொடங்குவாள்: "சாரதா, உன் புடவை முந்தானையைப் பத்திரமா வெச்சுக்கோ, குணா கட்டி உட்டுடப் போறா!" குணாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

அவள் கட்டிய தாள்களில் விழுவதற்கு எதுவும் இருக்கவில்லை. அன்று மூன்றாவது கணக்கோடு என் மூளை நின்றுவிட்டது. நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து கூடுதல் தாள் கேட்டீர்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடுமே என்று நானும் இரண்டு தடவை எழுந்து வாங்கினேன். அவை வெள்ளையாகவே போயின. குணா தன் கைதான் என்னைத் தோற்கடித்தது என்று மெய்யாகவே நம்பி வருந்துகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அப்பா கல்யாணத்தை முடித்துவிடுவார் என்று முதலில் சொல்லவில்லை. அப்பா காலமான பிறகும் சொல்லவில்லை. அதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

போன தை மாதம், நெஞ்சு வலிக்காக அவள் விடுப்பில் இருந்தபோது பார்க்கப் போனேன். பேச்சு அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி வந்தது. ஒரு குழந்தையின் சிலேட்டில் ஒன்றுமே இல்லை என்று இன்ஸ்பெக்டர் கோபித்தாராம். "அவ யோசிச்சுக்கினு இருக்கறா சார், யோசிச்சு முடிச்சதும் எழுதுவா" என்று சொன்னாளாம். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

குணா தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாள். "கட்டினவ நானு. தாளு எப்படி இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா? காயிதம் கிடைக்காத காலத்துல ரெண்டு வெள்ளத் தாளு! பாத்து வயிறு எரிஞ்சுதுடி எனக்கு. ரெட்டை முடிச்சு போட்டேன். அதை அவுக்கக் கத்திரிக்கோல்தான் வேணும்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கின, அவ்ளோதான்." பிறகு என் கையைத் தட்டினாள். "புஷ்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. இத்தினி வருசமா சிரிச்சுக்கினு இருக்கறா. அதைக் கெடுப்பானேன்?"

அவள் கேட்டுக்கொண்டதில் நான் மீறும் ஒரே வார்த்தை இது. புஷ்பா, அவள் கட்டு ஒருநாளும் அவிழவில்லை. அவிழ்ந்துவிட்டதாகத் தன் தலையில் போட்டுக்கொண்டு, என்னைப் படிக்க அனுப்பினாள். அந்த வயதில், பதினாறு வயதில்.

செப்டம்பருக்காக அவள் கொண்டுவந்த தாள்களில் ஒன்று மட்டும் என்னிடம் மிஞ்சியிருந்தது. ஓரங்கள் பழுத்துவிட்டன. மூலையில் ஒரு சாம்பல் விரல்தடம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் மை படாமல், அந்தத் தாளில்தான் இதன் கடைசி வரிகளை எழுதி முடித்திருக்கிறேன்.