கருவாட்டுக் கடையில் வந்த பத்திரிகை

பதுளை பஸ் இன்னும் வரவில்லை. தூறலுக்குப் பயந்து பண்டாரவளைச் சந்தையில் ஒரு கருவாட்டுக் கடைக்குள் ஒதுங்குகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நால்வர் ஒரு ராத்தல் நெத்தலி கேட்கிறார்கள்.

“எப்பவும் நாலு பொட்டலமாத்தானே வாங்குவீங்க?” என்கிறார் கடைக்காரர்.

“இனிமே ஒண்ணு போதும்.”

ஏன் என்று கேட்கிறேன். மூத்தவரான செல்லம்மா என் பக்கம் திரும்புகிறார்.

“கொழும்புல அச்சடிக்கிற எங்க தொழிலாளர் பேப்பர் இந்தக் கடைக்குத்தாங்க வரும். கையில பார்த்தா தோட்டத்துக் காவலுக்கு நிக்கிற வாச்சர் கேட்டுலயே கிழிச்சிருவான். கருவாட்டுப் பொட்டலத்தைத் தொடமாட்டான். அதான் ஆளுக்கு ஒரு தாள்ல சுத்தி வாங்கிட்டுப் போயி, நாங்க குடியிருக்கிற லயத்துல சேர்த்துவச்சுப் படிப்போம். அவன் கிழிக்கிறதையே எழுதி அனுப்பினோம். தோட்டத்துப் பேரோட போட்டுட்டாங்க! தோட்டத்தை நடத்துற தொரைக்கு மானம் போச்சு. இனி வாச்சரோ வேற யாரோ எங்க பேப்பர்ல கைவைக்கக்கூடாதுன்னு காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாருங்க.”

கடைக்காரர் பழக்கத்தில் இந்த வாரத் தாள் ஒன்றை உருவுகிறார். செல்லம்மா அதைப் பறித்து நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடிக்கிறார்.

“அப்ப கருவாட்டை எதுல சுத்துறது?”

“தொரை படிக்கிற இங்கிலீஷ் பேப்பர்ல சுத்துங்க!”