கிளட்ச் பிடித்தும் நிற்காத வண்டி

அப்பா பலாமரத்திலிருந்து விழுந்தது அம்மா பிறந்த வீட்டில்தான். காடாம்புலியூரில் மாமாவின் கொல்லையில், எல்லாரும் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், வீட்டு மாப்பிள்ளை என்கிற முறுக்கோடு மரமேறினார். பழத்தை வெட்டினார். பழத்துக்குப் பின்னாலேயே தானும் வந்து சேர்ந்தார். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கட்டுப் போட்ட கையோடு பைக் ஓட்ட முடியாதே, அதனால் நாங்கள் பஸ்ஸில் திரும்பிவிட்டோம். வண்டி சில மாதங்கள் மாமா வீட்டிலேயே நின்றது. கட்டுப் பிரித்த பிறகு மாமா அதை ஒரு குட்டியானை லாரியில் ஏற்றி, வழியில் சாய்ந்துவிடக்கூடாதென்று ஹேண்டிலோடு சேர்த்து நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார்.

அன்றிலிருந்து வண்டி அப்பாவின் பேச்சைக் கேட்கவில்லை. கிளட்சைப் பிடித்துக் கியர் போட்டால், கிளட்சை விட்ட பிறகுதானே வண்டி நகர வேண்டும்? எங்கள் வண்டி, பிடித்திருக்கும்போதே முன்னால் ஊர்ந்தது. பிரேக்கை மிதித்தால் இன்ஜின் அணைந்துபோனது.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அப்பா கிளட்சைப் பிடித்து நின்றார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டி சட்டென்று முன்னால் போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்ணை இடித்தது. அவள் கீழே விழுந்தாள். முட்டியில் லேசான சிராய்ப்புதான். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பாதான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான் புத்தகப்பையோடு பின்னால் நடந்தேன்.

"என் கையில வலு போயிடுச்சு. கிளட்ச் முழுசா வர மாட்டேங்குது. இனிமே நான் ஓட்டல" என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டு ஷிப்ட் பஸ்ஸில் வேலைக்குப் போனார். உட்கார்ந்து பார்க்கிற வேலையாக மாற்றிக் கேட்கலாமா என்று யோசித்தார். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி செய்யக் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அவர் தொடுவதே இல்லை. அது எனக்கு லாபமாயிற்று. நாள் முழுக்கச் சுவரில் அடித்து விளையாடினேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் சாவியை வாங்கி, வண்டியை பிளாக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, கை மெல்ல மெல்லச் சரியாகிவிடும், அவசரப்பட வேண்டாம் என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அவர் போன பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவரு எங்கியும் நிறுத்தவே இல்லியே."

அம்மா பிறந்த வீட்டில் டிராக்டர் உண்டு. மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்றால் அதன் கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டு இப்படித்தான் அடம்பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதேதான் இதிலும் என்று நினைத்தாள். பைக்கில் அந்தத் தகடுகள் ஆயிலில்தான் ஊறிக்கிடக்கும் என்பதால், அப்பாவை வற்புறுத்திப் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றவைத்தாள். ஒரு மாற்றமும் இல்லை. வண்டியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, விட்டுவிடு என்றார் அப்பா. அன்று முழுக்க அம்மா பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வண்டியை வெளியே தள்ளி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினைக் கிளப்பி, கியர் போட்டு, இரண்டு கையாலும் கிளட்சை இறுக்கிப் பிடித்தாள். பின்சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்ததும் இன்ஜின் அணைந்தது. உனக்கு வண்டி பழக்கமில்லை, சரியாகப் பிடித்திருக்கமாட்டாய் என்றார் அப்பா.

"செரி, நீங்களே புடிங்க" என்றாள் அம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டாள். "பாப்பா, அந்தக் கிளட்ச் கம்பி கைப்பிடியில போயி ஒட்டுதான்னு பாத்துகினு சொல்லு."

அப்பா இடது கையால் கிளட்சைப் பிடித்தார். நான் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

"ஒட்டிடுச்சும்மா."

அம்மா வண்டியின் கீழே, இன்ஜின் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தபா" என்றாள். அப்பா விட்டுப் பிடித்தார். மறுபடியும் ஒட்டியது. இன்னொரு தடவை. அதே கதைதான். எனக்குச் சலிப்பாக இருந்தது. இவ்வளவு சுலபமான விஷயத்தை எத்தனை தரம்தான் கேட்பாள்?

பிறகு அவள் எழுந்து தான் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைக் கீழே உட்காரச் சொன்னாள். கேபிளின் அடிமுனை இன்ஜினில் ஒரு சின்ன இரும்புப் பட்டையை இழுக்கும். அதுதான் உள்ளே தகடுகளைப் பிரிக்கும். மேலே முழுக்கப் பிடித்தும் கீழே அந்தப் பட்டை நெல்மணி அளவுதான் நகர்ந்தது. பிடிக்கிற பிடியெல்லாம் நடுவில் எங்கோ காணாமல் போகிறது. அப்பா கேபிளைக் கீழிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே வந்தார். ஹேண்டிலுக்குச் சற்றுக் கீழே அவருடைய விரல் நின்றது. அங்கே கேபிளின் மேலுறை நசுங்கி வெடித்திருந்தது. அம்மா பிடிக்கும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து புடைத்தது.

மாமா கயிறு கட்டி இறுக்கிய இடம் அது.

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "மரமும் உங்க வூட்டு மரம், கயிறும் உங்க வூட்டுக் கயிறு" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். வண்டி வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா ஒருதடவைகூடச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டிருப்பார். கைப்பிடியில் ஒட்டுகிறதா என்று அவளே எழுந்து பார்த்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத, எதற்கென்றும் தெரியாத என்னைக் கூப்பிட்டு, அப்பாவின் காதில் விழும்படி சொல்லவைத்தாள். இதை நான் புரிந்துகொண்டபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது.

அன்றே கடைவீதியில் புதுக் கேபிள் வாங்கி அப்பா தன் கையாலேயே மாட்டினார். சாயங்காலம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஐஸ்கிரீம் வாங்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டேன். வண்டி பள்ளிக்கூட வாசலுக்குப் போய், அந்தப் பெண் விழுந்த இடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலையில் ஆளே இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கியரில் இருந்தது. அப்பா கிளட்சைப் பிடித்தபடி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி துளியும் நகரவில்லை.

யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"போலாம்ப்பா" என்றேன்.

"இரு பாப்பா" என்றார்.

வெகுநேரம் கழித்துத்தான் கிளட்சை விட்டார். ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி வண்டி நேராக வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா கேட் அருகே நின்றிருந்தாள்.

"நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நின்னுச்சு" என்றார் அப்பா.

வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஐஸ்கிரீமைப் பற்றி இவர்களுக்கு ஞாபகமே இல்லை என்ற கோபத்தில் நான் உள்ளே போய்விட்டேன்.