களக்காட்டுக் கொடையில் ஒரு பாஞ்சோ

காலை எட்டேகாலுக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் களக்காடு பஸ் ஏறினோம். சேரன்மகாதேவி வழியாக நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். தாம்பரத்திலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்த எனக்கு இடுப்பு இருக்கிறதா என்றே சந்தேகம். பக்கத்தில், துணைக்கு என்னை வரவழைத்த செல்லையா அண்ணாச்சி. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். மடியில் கைக்குழந்தை மாதிரி பாஞ்சோ.

கண்டக்டர் அதன் தோலைத் தட்டினார், தந்தியைச் சுண்டினார். "அண்ணாச்சி, இது மேளமா வீணையா?"

"ரெண்டுந்தான் வே."

"அப்ப ரெண்டு பேருல்லா வாசிக்கணும்!"

பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்த அமெரிக்கர் ஒருவர் ஊர் திரும்பும்போது அண்ணாச்சிக்குக் கொடுத்தது அது. தம் மலைநாட்டுப் புளூகிராஸ் பாட்டுகளையும் கற்றுக்கொடுத்திருந்தார். எல்லாம் குதிரை ஓட்டம். கேட்டால் கால் சும்மா இருக்காது. முப்பது வருடமாக வாசித்தும் அண்ணாச்சி ஒரு பாட்டைக்கூட முழுசாக முடித்ததில்லை. கல்யாணத்தில் பந்தி போட்டதும் கூட்டம் எழுந்துவிடும். பள்ளி ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்கிவிடுவார்.

"சாகதுக்குள்ள ஒருநாளாவது யாரும் நிறுத்தச் சொல்லாம வாசிக்கணும், தம்பி" என்றார் பத்தமடை தாண்டும்போது. சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

பத்தரைக்கு அம்மன் கோயில் சேர்ந்தோம். அன்று மதியக் கொடை, ஊர்த் திருவிழாவின் உச்சிவேளைப் பூசை. விழாக் கமிட்டி மாடசாமி, வள்ளியூர்க் கல்யாணம் ஒன்றில் பாதிப் பாட்டைக் கேட்டு மயங்கி, மேளக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க அழைத்திருந்தார்.

"எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?"

"இங்கன யாரு உங்கள நிறுத்தப்போறா? இஷ்டம்போல வாசிங்க."

அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தார். தவில்காரர் முதலில் முழித்தார், பிறகு தாவிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நிமிடம் சாமியாடி பொன்னையாவுக்குச் சாமி வந்துவிட்டது. எழுபது வயது மனிதர், வழக்கமாகப் பத்து நிமிடம் ஆடுவாராம். அன்று இருபது நிமிடமாகியும் பம்பரம்தான்.

அண்ணாச்சியின் விரலில் கொப்புளம் வந்துவிட்டது. பரிதாபமாக மாடசாமியைப் பார்த்தார்.

"சட்டுன்னு நிறுத்திராதீய! சாமி ஆடையில மேளம் நிக்கப்படாது" என்று பதறினார் அவர். "பைய வேகத்தக் கொறச்சு முடிங்க. மேளம் தணிஞ்சாத்தான சாமி மலையேறும்?"

"முடிக்கத் தெரியாதே!" என்று அலறினார் அண்ணாச்சி.

உண்மைதான். அமெரிக்கர் முடிவையும் சொல்லித்தான் கொடுத்திருப்பார். முப்பது வருடமாகத் தேவைப்படாததால் மறந்தே போயிருந்தது. பாட்டு நிற்காமல் சாமி நிற்காது, சாமி நிற்காமல் பாட்டு நிற்கக் கூடாது.

தவில்காரர்தான் காப்பாற்றினார். "அண்ணாச்சி, எங் கையப் பாத்துக்கிட்டே பைய வாங்க." அடி ஒவ்வொன்றாகத் தணிந்தது; பாஞ்சோ பின்னாலேயே நடந்தது. கடைசியில் தவிலும் பாஞ்சோவும் சேர்ந்து நான்கே தட்டு. பாட்டு முடிந்தது. சாமியும் மலையேறியது.

மூச்சிரைக்கத் திருநீறு பூசிய பொன்னையா, "அடுத்த வருசமும் வாரும்" என்றார். "ஆனா முடிக்கப் படிச்சிட்டு வாரும்."

நாலரை மணி பஸ்ஸில் அதே கண்டக்டர். அண்ணாச்சி விரலில் துணி சுற்றிக்கொண்டு அந்த நான்கு தட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். சேரன்மகாதேவி வந்தும் விடவில்லை.

"முழுப் பாட்டும் வாசிக்கலாம்லா, அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"அத முப்பது வருசமா வாசிக்கேன் வே. இதுதான் புதுசு."