மண் வைத்திருந்த போத்தல்கள்

என் கணவர் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பித்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மாமி மகள் என்ற உரிமையில் என்னைக் கட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குக் கூட்டி வந்தார். அவரோடு வேலை செய்பவர்கள் வந்தால் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். பேச்செல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்பேன்.

படிப்பிக்கிறவருக்கும் படிப்பு முடியாது என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் எடுக்காவிட்டால் அவருக்குப் பதவி உயர்வு இல்லை. அதற்காக மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளுக்குப் போய், மழைக்கு முன்னும் பின்னும், வருடா வருடம் அதே இடங்களில் மண் எடுப்பார். மழை எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகிறது என்று பார்ப்பதற்காம். அதை வாயகன்ற கண்ணாடிப் போத்தல்களில் போட்டு, இடமும் மாதமும் எழுதி ஒட்டி, கண்டி மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் அடுக்கினார். கதிரையிலும் போத்தல்தான்.

"இஞ்சாருங்கோ, உந்த மண்ணை எப்ப வெளியிலை கொட்டுவியள்?"

"கொட்டினால் என்ரை பட்டமும் அதோடை போயிடும். நீர் தூசியை மட்டும் துடையும், மூடியைத் திறக்காதையும்."

வருடக்கணக்காகத் துடைத்தேன்.

தமிழர் வீடுகளை எரித்த ஆடி மாதக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஓடினோம். முகாமில் இருந்து, பிறகு ஊருக்குப் போய், அடங்கியது என்று கேள்விப்பட்ட பிறகுதான் திரும்பினோம். கதவு பிளந்து கிடந்தது. முன்னறை கரி. இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அக்காதான் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"அழாதீங்க தங்கச்சி. ஒங்கட சாமானெல்லாம் எங்கட ஊட்டுல ஈக்கிது. அவனுகள் வர முந்தி நானும் புள்ளைகளும் வேலிக்கு மேலால எடுத்துட்டோம். அகப்பயக் கூட உட்டு வெக்கல்ல."

"அக்கா, போத்தல்கள்?" என்றார் இவர்.

"ஒண்டும் ஒடயல்ல சேர்!"

தங்கள் வீட்டுப் பலகை நிறைய அக்கா அடுக்கியிருந்தார். பளபளவென்று கழுவி, எல்லாவற்றிலும் தேசிக்காய் ஊறுகாய். எங்கள் ஒழுங்கையில் எவரும் எவருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அது மரியாதைக் குறைவு.

"உள்ளுக்கு இருந்த மண்?"

"பூச்சட்டிக்கு வெச்ச மண்தானே? வீணாக்கல்ல. தங்கச்சிக்கு மொளகாக் கண்டு வெச்சீக்கிறன், வந்து பாருங்க."

போய்ப் பார்த்தோம். எல்லாச் சரிவுகளும் எல்லா மழையும் ஒன்றாய்க் கலந்து சட்டிகளில் கிடந்தன. மிளகாய் பூத்திருந்தது.

"நல்லது அக்கா," என்றார் இவர்.

வீட்டுக்குள் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாமே!"

"என்னத்தைச் சொல்ல? உயிரைப் பணயம் வைச்சு எங்கடை சாமானைக் காப்பாத்தின மனுசியிட்டை, மண்ணைக் கொட்டிப்போட்டியள் எண்டு சொல்லவோ?"

எரித்தவர்கள் அந்தப் போத்தல்களையும் உடைத்திருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதலிலிருந்து தொடங்கலாம் என்று மறுபடி மடுல்கெல்லவுக்குப் போனார். யாழ்ப்பாணத்து ஆள், கையில் மண்வெட்டி, சரிவில் அங்கங்கே குழி. ஆமிக்காரர் பிடித்து, பொழுது சாயும் வரை இருத்தி வைத்தார்கள். விட்ட பிறகு தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பஸ் வரைக்கும் கூட வந்தாராம்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இனிமே வராதீங்க. நீங்க போனப்புறம் எங்களத்தான் புடிச்சுக் கேப்பாங்க."

அதோடு ஆராய்ச்சி நின்றது. படிப்பு நிற்கவில்லை. எப்படிப் படிப்பிப்பது என்று படிப்பிக்கிற வகுப்புகளுக்கு இவரைப் பல்கலைக்கழகத்தில் அனுப்பினார்கள். நாட்டுக் குழப்பத்தில் பல்கலைக்கழகத்தைப் பூட்டும்போது அதுவும் நிற்கும். திறந்தால் மறுபடி தொடங்கும். இவரிடம் படித்த பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பட்டம் எடுத்து வந்து இவருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் ஒருவரே ஒரு தடவை அந்த வகுப்பை நடத்தினார்.

"உங்களிட்டைப் படிச்ச பொடியன் உங்களுக்குப் படிப்பிக்கிறதோ? போகாதேங்கோ!"

"பொடியன் எண்டாலென்ன? எனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ கிடக்கு."

சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனார். நான் சட்டி பானையைத் தடாரென்று வைத்தேன்.

பட்டம் இல்லாமலே ஓய்வு பெற்றார். அந்த அக்கா இருந்த வரைக்கும், தேசிக்காய்க் காலம் வந்தால் போத்தல்களைக் கேட்டு வாங்கி, நிரப்பித் திருப்பித் தருவார். இவர் சோற்றோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நான் தொட்டதேயில்லை.

"தங்கச்சிக்கு என்ட ஊறுகா புடிக்கல்ல போல," என்றார் ஒருநாள்.

"எனக்குப் புளி ஒத்துக்கொள்ளாது அக்கா," என்றேன்.